பஞ்சு போல எடை, பழம் போல ருசி... 20 கிராம் 'ஃப்ரீஸ் டிரைடு' பாக்கெட்டில் எத்தனை பழம் இருக்கிறது?

பார்த்தால் அசல் ஸ்ட்ராபெர்ரி. நிறம் மங்கவில்லை, மேலே இருக்கும் குட்டி விதைகள்கூட அப்படியே இருக்கின்றன. கையில் எடுத்தால் எடையே இல்லை. வாயில் போட்டால் அப்பளம்போல நொறுங்கி, அடுத்த நொடியே பழமாகக் கரைகிறது.

சூப்பர் மார்க்கெட்டில் சிப்ஸ் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் இடம்பிடித்திருக்கும் 'ஃப்ரீஸ் டிரைடு' பழங்கள்தான் இவை. 'சர்க்கரை சேர்க்கவில்லை', '100% பழம்' என்ற வாசகங்களைப் பார்த்ததும், பிள்ளைகளின் ஸ்நாக்ஸ் டப்பாவுக்கு இதைவிட நல்லது வேறு இல்லை என்றே பெற்றோருக்குத் தோன்றும். நல்லதுதான். ஆனால், ஒரு சின்னக் கணக்கைத் தெரிந்துகொண்டு வாங்குவது இன்னும் நல்லது.

அந்துருண்டை சொல்லும் அறிவியல்

பழம் சீக்கிரம் கெடுவதற்கு முக்கியக் காரணம் அதிலிருக்கும் தண்ணீர். ஸ்ட்ராபெர்ரியில் சுமார் 91%, மாம்பழத்தில் 83%, வாழைப்பழத்தில் 75% தண்ணீர்தான். அதை எடுத்துவிட்டால் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர வழியில்லை. நம் வீடுகளில் மாங்காய் வற்றல் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஆனால், வெயிலில் காயும்போது தண்ணீர் திரவ நிலையிலிருந்து ஆவியாகி வெளியேறுகிறது. அதனால் பழம் சுருங்குகிறது, கறுக்கிறது, கெட்டிப்படுகிறது. ஃப்ரீஸ் டிரையிங்கில் தண்ணீர் திரவமாக மாறுவதே இல்லை.

முதலில் பழத்துண்டுகளை மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உறைய வைக்கிறார்கள். பிறகு, காற்று புகாத அறையில் வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் சுமார் 1,013 மில்லிபார். அது 6 மில்லிபாருக்கும் கீழே போய்விட்டால், தண்ணீரால் திரவமாக இருக்க முடியாது. அந்த நிலையில் லேசாகச் சூடு கொடுத்தால், பனிக்கட்டி உருகாமல் நேரடியாக ஆவியாகிவிடும்.

பள்ளிக்கூடத்தில் 'பதங்கமாதல்' என்று படித்தது இதைத்தான். பீரோவில் போட்ட அந்துருண்டை, துணியைத் துளியும் ஈரமாக்காமல் நாளடைவில் கரைந்து காணாமல் போகிறதே, அதே கதைதான். பனிக்கட்டி இருந்த இடமெல்லாம் குட்டிக் குட்டி ஓட்டைகளாக நின்றுவிடுகின்றன. பழம் உருவம் மாறாமல் மொறுமொறுப்பாக இருப்பதன் ரகசியம் இதுதான். பழத்தையும் துண்டின் தடிமனையும் பொறுத்து, இது முடிய ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும்.

பிளாஸ்மாவிலிருந்து பழத்துக்கு

1906-ல் பாரிஸில் தார்சோன்வால், போர்தா என்ற விஞ்ஞானிகள் இந்த முறையை ஆய்வகத்தில் செய்துகாட்டினார்கள். இரண்டாம் உலகப்போரில் காயமடைந்த வீரர்களுக்கான ரத்த பிளாஸ்மாவைக் கெடாமல் கொண்டுசெல்ல இது கைகொடுத்தது. பிறகு இன்ஸ்டன்ட் காபிக்கும், விண்வெளி வீரர்களின் உணவுக்கும் வந்தது. இப்போது ஸ்நாக்ஸ் பாக்கெட்டுக்கு வந்திருக்கிறது.

சத்து இருக்கிறதா?

இருக்கிறது. வைட்டமின் சி-க்குச் சூடும் காற்றும் எதிரி. இந்த முறையில் இரண்டுமே குறைவு என்பதால், வெயிலிலோ சூடான காற்றிலோ காயவைப்பதைவிட இழப்பு குறைவு. நார்ச்சத்தும் அப்படியே தங்கிவிடும்.

ஆனால், சர்க்கரையும் அப்படியே தங்கிவிடும். வெளியேறியது தண்ணீர் மட்டும்தானே! இங்குதான் அந்தக் கணக்கு வருகிறது. பாக்கெட்டின் எடையை வாழைப்பழமென்றால் 4-ஆலும், மாம்பழமென்றால் 6-ஆலும், ஸ்ட்ராபெர்ரியென்றால் 10-ஆலும் பெருக்குங்கள். கிட்டத்தட்ட அவ்வளவு பழத்தைச் சாப்பிடுகிறோம் என்று அர்த்தம்.

20 கிராம் மாம்பழ பாக்கெட் என்றால் சுமார் 120 கிராம் மாம்பழச் சதை. அதில் ஏறக்குறைய 16 கிராம் சர்க்கரை, அதாவது 4 டீஸ்பூன். வெளியிலிருந்து சேர்க்காவிட்டாலும், பழத்தின் சர்க்கரை இது. தண்ணீர் இல்லாததால் வயிறு நிறைந்த உணர்வு சீக்கிரம் வராது. டி.வி பார்த்துக்கொண்டே 2 பாக்கெட்டைக் காலி செய்வது சுலபம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தக் கணக்கை மறக்கவே கூடாது.

வாங்கும்போது கவனியுங்கள்

* பாக்கெட்டின் பின்பக்கம் சேர்மானப் பட்டியல் இருக்கும். அதில் பழத்தின் பெயர் மட்டும் இருந்தால் நல்லது. 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' எவ்வளவு என்பதையும் பாருங்கள்.

* பட்டியலில் எண்ணெய் இருந்தால் அது 'வேக்யூம் ஃப்ரைடு' வகையாக இருக்கலாம். பலாப்பழ சிப்ஸில் இது சகஜம். குறைந்த அழுத்தத்தில் எண்ணெயில் பொரித்தது அது. இரண்டும் ஒன்றல்ல.

* பிரித்த பாக்கெட்டைத் திறந்தே வைக்காதீர்கள். பழம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, விரைவிலேயே பதத்துப்போகும். இறுக்கமான டப்பாவில் போட்டுவைத்து, சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

* சாப்பிட்டதும் தண்ணீர் குடிப்பது, வாய் கொப்பளிப்பது அவசியம். உலர்ந்த பழம் பல்லில் ஒட்டிக்கொள்ளும்.

* வீட்டு ஃப்ரிட்ஜில் இதைச் செய்ய முடியாது. காற்றை உறிஞ்சி எடுக்கும் வசதி அதில் இல்லை.

எப்போது வாங்கலாம்?

ஒரு கிலோ ஃப்ரீஸ் டிரைடு ஸ்ட்ராபெர்ரிக்குச் சுமார் 10 கிலோ பழம் வேண்டும். மின்சாரச் செலவும் அதிகம். விலை கூடுதலாக இருப்பதற்கு இதுதான் காரணம். நீண்ட ரயில் பயணம், மலையேற்றம், சீசன் இல்லாத நேரத்தில் பிள்ளை கேட்கும் மாம்பழம் என்றால், அந்த விலை கொடுக்கலாம். சிப்ஸுக்குப் பதிலாக ஒரு கைப்பிடி என்றால் அதுவும் நல்ல மாற்றமே.

வைட்டமின் சி-தான் நோக்கமென்றால், தெருமுனைத் தள்ளுவண்டியிலேயே அது கிடைக்கிறது. ஆரஞ்சைப்போலச் சுமார் 4 மடங்கு வைட்டமின் சி கொய்யாவில் இருக்கிறது. அதை எந்த மெஷினிலும் வைக்க வேண்டியதில்லை. கழுவி, நறுக்கி, டப்பாவில் போட்டுக் கொடுத்தால் போதும்!