நூற்றில் யார் எவ்வளவு?

சர்வ சிக்ஷா அபியான் (எஸ்எஸ்ஏ) என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் பெயர் 2018இல் சமக்ர சிக்ஷா என்று மாறிவிட்டது. ஆனாலும் அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் பேசினால் இன்றும் 'எஸ்எஸ்ஏ பணம்' என்றுதான் சொல்கிறார்கள். பழைய பெயர் வாயிலேயே நின்றுவிட்டது. நிற்காதது, அந்தப் பணத்தில் டெல்லி எவ்வளவு, மாநிலம் எவ்வளவு என்ற கணக்கு.

திட்டம் தொடங்கிய புதிதில் நூறு ரூபாய்ச் செலவில் 85 ரூபாயை மத்திய அரசு தந்தது. அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் அது 75 ஆனது. 2007இல் 65, அங்கிருந்து படிப்படியாக 50க்கு இறக்குவதாக ஏற்பாடு. 2010இல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து செலவு ஏறியதால், மறுபடி 65க்கே வந்தார்கள். 2015-16இலிருந்து 60.

இந்தக் கடைசிக் குறைப்புக்கு ஒரு நியாயம் சொல்லப்பட்டது: மத்திய வரி வருவாயில் மாநிலங்களின் பங்கை 14ஆவது நிதிக்குழு 32 சதவீதத்திலிருந்து 42 ஆக்கிவிட்டதே, கைக்காசு போட்டால் என்ன? சரிதான். ஆனால் அந்தப் பங்கை மாநிலங்களுக்குள் பிரித்தபோது தமிழ்நாட்டின் விழுக்காடு 4.969இலிருந்து 4.023 ஆகச் சரிந்தது. கூட்டுத்தொகை பெருத்தது, நம் இலை சிறுத்தது. போதாக்குறைக்கு, 2004 முதல் கல்வியின் பெயரால் நாம் கட்டிவரும் செஸ் மாநிலங்களோடு பகிரப்படுவதே இல்லை.

விகிதம் தாளில் மாறும். ஆள் வகுப்பறையில் இருப்பார். 2012இல் இத்திட்டத்தின் கீழ் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்குப் பகுதிநேர ஆசிரியர்களாக 16,549 பேரை எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய். தொகுப்பூதியம் சிறிது சிறிதாகக் கூடியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னைக்கு வந்து உட்காராத ஆண்டு அபூர்வம். திட்டப் பணத்தில் எடுத்த ஆளை நிரந்தரமாக்கினால் ஓய்வு பெறும் வரை சம்பளம் யார் பொறுப்பு என்பதில்தான், என் பார்வையில், எந்த ஆட்சியும் தயங்குகிறது.

இப்போது அந்த 60க்கும் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீயில் சேர வேண்டும் என்பது அது. தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. பிஎம் ஸ்ரீ வழியாகத் தேசியக் கல்விக் கொள்கையும் மும்மொழியும் நுழையும் என்பது மாநிலத்தின் வாதம். 2024-25க்கு வரவேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது. வட்டியும் சேர்த்து 2,291 கோடி கேட்டு 2025 மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. வழக்கு எப்போது முடிந்தால் என்ன, திட்ட ஊழியர்களின் சம்பளத் தேதி மாதாமாதம் வந்துவிடுகிறது.