கடன் பத்திரமும் கையொப்பமும்

சந்தையில் ஒரு கொத்து அரிசி வாங்குவோர் அதன் விலையைக் கேட்காமல் வாங்குவதில்லை. ஆனால், பணத்தைக் கடனாகப் பெறுவோர் அப்பணத்தின் விலையாகிய வட்டியைச் சரிவர அறியாமலே பத்திரத்தில் கையொப்பமிட்டு விடுகின்றனர். இலங்கையின் கடன் சட்டங்கள் அண்மைக் காலத்தில் மீளாய்வுக்கு உள்ளானமைக்கு இந்நிலை ஒரு முக்கிய காரணமாகும்.

கடன்பட்டவரைக் காக்கும் சட்டம் நம் நாட்டுக்குப் புதியதன்று. அறவிடப்படும் வட்டி முதலை விஞ்சலாகாது என 1852ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமொன்று விதித்தது. 1918ஆம் ஆண்டின் கடன் வழங்கற் கட்டளைச் சட்டம் அதனினும் ஒருபடி மேலே சென்றது. உண்மையில் கைக்கு வந்த தொகை எவ்வளவு, முன்கூட்டியே கழிக்கப்பட்டது எவ்வளவு, ஆண்டு வட்டி வீதம் என்ன என்னும் மூன்றையும் கடனுறுதிச் சீட்டிலே தனித்தனியாக எழுதவேண்டும் என்றது. தொகை எழுதாத வெற்றுச் சீட்டில் கையொப்பம் வாங்குவதைக் குற்றமாக்கியது. வட்டி மிகையானது, உடன்பாடு கொடியது எனக் கண்டால் கணக்கை மீளத் திறந்து பார்க்கும் அதிகாரத்தையும் நீதிமன்றத்துக்கு அளித்தது.

எனினும், காலம் மாறக் கடன் கொடுக்கும் முறையும் மாறியது. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் நுண்நிதி நிறுவனங்கள் வடபகுதிக் கிராமங்களுக்குப் பெருமளவில் வந்தன. ஈடு வைக்க நகையோ காணியோ வேண்டியதில்லை. சில பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றாற் போதும். கிழமைதோறும் தவணை செலுத்தவேண்டும். வங்கிப் படி ஏற இயலாதவர்களுக்கு இது உதவியாகத் தோன்றியது. ஆனால், ஒருத்தி தவணை தவறினால் அயலவள் அதனைச் செலுத்த நேர்ந்தது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கும் நிலையும் பரவியது.

இங்கே வட்டிக் கணக்கைச் சற்று நோக்குவோம். 50,000 ரூபா கடனுக்கு ஆண்டுக்கு 24 சதவீதம் என்கின்றனர். வட்டி 12,000 ரூபா. மொத்தம் 62,000 ரூபாவை 12 மாதத் தவணைகளில் செலுத்தவேண்டும். ஆனால், மாதந்தோறும் முதல் குறைந்துகொண்டே வருகிறது; வட்டியோ முழு முதலுக்கும் விதிக்கப்படுகிறது. குறைந்துவரும் நிலுவைக்கு வட்டி கணித்தால், உண்மையான வீதம் 40 சதவீதத்தைத் தாண்டிவிடும். சொல்லப்படும் வீதம் ஒன்று. செலுத்தப்படும் வீதம் வேறொன்று.

2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வைப்புப் பணம் ஏற்கும் நிறுவனங்களையே முதன்மையாகக் கருதியது. வைப்பு ஏற்காது கடன் மட்டும் கொடுப்போர் பலர் அதன் வரம்புக்கு வெளியே நின்றனர். 2018ஆம் ஆண்டில், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நிலுவைக் கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. ஆண்டு வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பையும் அறிவித்தது. கடன் கொடுப்போர் யாவரையும் ஓர் அதிகாரசபையின் கீழ்க் கொணர முனைந்த சட்டமூலம் 2024ஆம் ஆண்டில் பாராளுமன்றத்தின் முன்னும் உயர் நீதிமன்றத்தின் முன்னும் வந்தது.

உச்சவரம்பு இன்றியமையாதது, ஆயினும் அது மட்டும் போதாது. நியாயமான கடன் வேறிடத்திற் கிடையாதாயின், தேவையுடையவர் மறைவாக இன்னும் கொடிய வட்டிக்கு வாங்குவர். இதனை யாழ்ப்பாணத்தார் முன்னரே உணர்ந்திருந்தனர். ஊர்தோறும் ஐக்கிய நாணய சங்கங்கள் எழுந்தமை அதனாலேயே. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்த வீரசிங்கம் அவர்கள் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். யாழ்ப்பாண நகரின் வீரசிங்கம் மண்டபம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சங்கத்திற் கடன் வாங்குபவர் அதன் அங்கத்தவருமாவார். கணக்கைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

அவ்வுரிமை எந்தக் கடனாளிக்கும் உரியதே. கைக்கு வருவது எவ்வளவு? மொத்தமாகச் செலுத்துவது எவ்வளவு? குறைந்துவரும் நிலுவைக்கு வட்டி வீதம் என்ன? தவணை தவறினால் நேர்வது யாது? இந்நான்கிற்கும் விடை, தமிழில், எழுத்தில் கிடைக்கும்வரை பேனாவை எடாதிருப்பதே நன்று.