பச்சைக் கல் வீடும் பனி மலையும்: லடாக்கை நம் வகுப்பறையில் கற்பித்தல்

பனி பெய்யும் ஊரில் ஒரு வீட்டை வரையுங்கள் என்று ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் சொன்னேன். ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் ஒரே படம்தான்: சரிவான கூரை, அதன்மேல் வெள்ளைப் பனி, வாசலில் ஒரு பனி மனிதன். கார்ட்டூன்கள் கற்றுக்கொடுத்த படம் அது. ஸ்ரீமுஷ்ணம் பகுதிப் பிள்ளைகள் நேரில் கண்ட பனி, மார்கழி விடியலில் வயல்மேல் படரும் பனி மட்டும்தானே!

பிறகு லடாக்கின் லே நகர வீடுகளின் படத்தைக் காட்டினேன். கூரை தட்டையாக இருந்தது. "இந்தச் சுவர்கள் வெயிலில் காயவைத்த மண் கல்லால் ஆனவை. அவர்கள் அதைச் சுடுவதில்லை" என்றேன். உடனே ஒரு மாணவன் எழுந்தான். அவனுடைய அப்பா விருத்தாசலம் பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்பவர். "பச்சைக் கல்லா சார்? மழை பேஞ்சா கரைஞ்சிடாதா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே முழுப் பாடத்தையும் நடத்த முடிந்தது.

ஏன் கரைவதில்லை?

காரணம் எளிது: அங்கே மழை மிகக் குறைவு. லே நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து ஏறத்தாழ 100 மி.மீ. தான். நம் கடலூர் மாவட்டத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,200 மி.மீ. நமக்கு ஐப்பசியில் ஓரிரு நாள் அடைமழையில் கிடைப்பது அவர்களுக்கு ஓராண்டுக்கானது.

தென்மேற்குப் பருவக்காற்று இமயமலையின் தென்சரிவில் ஏறும்போது குளிர்ந்து, ஈரத்தை அங்கேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி வரும்போது அது வறண்ட காற்று. கேரளத்தில் ஆனி, ஆடியில் கொட்டும் மழை நமக்கு ஏன் அவ்வளவு கிடைப்பதில்லை என்று மேற்குத் தொடர்ச்சி மலையைக் காட்டி விளக்குவோம் அல்லவா? அதே மழை மறைவுப் பகுதிதான் இதுவும். லடாக்கைக் 'குளிர் பாலைவனம்' என்று சொல்வது இதனால்தான். குளிர் மிகுந்த இடத்தில் பனியும் குவிந்தே கிடக்கும் என்ற எண்ணத்தை இங்கேயே திருத்திவிடலாம்.

குளிர்காலத்தைக் கடப்பது

லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 15 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. தண்ணீர் 88 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால் பருப்பு வேக நேரம் பிடிக்கும். உயர்நிலை வகுப்பு அறிவியல் ஆசிரியர்கள் கொதிநிலைப் பாடத்துக்கு இதை எடுத்துக்கொள்ளலாம்.

தடித்த மண் சுவர் பகல் வெயிலின் வெப்பத்தைப் பிடித்து வைத்து இரவில் மெல்ல விடுகிறது. பழைய வீடுகளில் கால்நடைகளைக் கீழ்த்தளத்தில் கட்டுவார்கள். அவற்றின் உடல் வெப்பம் மேல்தளத்துக்கும் உதவும். தட்டைக் கூரைமேல் தீவனப் புல்லை அடுக்கி வைப்பார்கள். காய்கறிகளையும் பாதாமி எனப்படும் ஆப்ரிகாட் பழங்களையும் கோடையிலேயே உலர்த்தி வைத்துக்கொள்வார்கள். மரம் அரிது என்பதால் உலர்ந்த சாணமே முக்கிய எரிபொருளாக இருந்து வந்தது.

தண்ணீர் வரும் நேரம்

மழை இல்லாத ஊரில் பார்லி எப்படி விளைகிறது? மலைமேல் உள்ள பனியாறுகள் உருகி வரும் நீரால். இதில் ஒரு சிக்கல் உண்டு. விதைப்புக்கு ஏப்ரல், மே மாதங்களில் நீர் வேண்டும். பனியாறுகள் நன்றாக உருகுவதோ ஜூன் மாதத்துக்குப் பிறகு.

இதற்கு வழி தேடியவர் லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் செவாங் நோர்பெல். குளிர்காலத்தில் வீணாக ஓடும் ஓடை நீரைத் தடுத்து உறையவைத்து, கிராமத்துக்கு அருகிலேயே செயற்கைப் பனியாறுகளை உருவாக்கினார். 2015இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சோனம் வாங்சுக் இதே எண்ணத்தை 'பனி ஸ்தூபி'யாக வளர்த்தார். உயரத்திலிருந்து குழாயில் வரும் நீர் தன் அழுத்தத்தாலேயே மேலெழும்பித் தெறிக்கும், இரவுக் குளிரில் உறைந்து கூம்பாக வளரும். கூம்பில் வெயில் படும் பரப்பு குறைவு என்பதால் அது மெல்ல உருகி, விதைப்புக் காலத்தில் நீர் தருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையை ஏரியில் தேக்கி, தேவைப்படும் காலத்தில் மதகு திறக்கும் நம் ஊர் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டால் மாணவர்களுக்கு உடனே விளங்கும்.

கரைந்த இரவு

"கரைஞ்சிடாதா?" என்ற கேள்விக்கு இன்னொரு விடையும் இருக்கிறது. 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவை ஒட்டி லே பகுதியில் மேகவெடிப்பு ஏற்பட்டது. வெள்ளமும் சேற்றுச் சரிவும் மண் வீடுகளை அடித்துச் சென்றன. 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த ஒரு நிகழ்வை மட்டும் வைத்துக் காலநிலை மாற்றம் என்று முடிவு கட்டக் கூடாது என்பதையும் மாணவர்களிடம் சொல்ல வேண்டும். ஆனால் இமயமலைப் பனியாறுகள் சுருங்கி வருவது பல ஆண்டு அளவீடுகளில் பதிவாகியுள்ளது. தலைமுறை தலைமுறையாக ஒரு காலநிலைக்குப் பொருந்திய வீடும் வேளாண்மையும், அந்தக் காலநிலை மாறும்போது என்னவாகும் என்பதே மாணவர்கள் யோசிக்க வேண்டிய இடம்.

வகுப்பில் செய்து பார்க்க

1. களிமண்ணில் இரண்டு சிறு கற்கள் செய்து காயவையுங்கள். ஒன்றை மட்டும் அருகிலுள்ள சூளையில் சுட்டு வாங்குங்கள். இரண்டையும் தண்ணீரில் போட்டுக் கவனிக்கச் செய்யுங்கள்.

2. சம எடையுள்ள பனிக்கட்டியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நொறுக்கித் தட்டில் பரப்புங்கள். மற்றதை ஒரே கட்டியாக வெயிலில் வையுங்கள். எது முதலில் உருகுகிறது, ஏன்?

3. கடலூர், லே ஆகிய இரண்டு இடங்களின் ஆண்டு மழையளவைப் பட்டை வரைபடமாக வரையச் செய்யுங்கள்.

பாடம் முடிந்ததும் மீண்டும் வீடு வரையச் சொன்னேன். இம்முறை பனி மனிதன் இல்லை. தட்டைக் கூரையும் அதன்மேல் புல் அடுக்கும் வந்திருந்தன. சூளைக்காரர் மகன் மட்டும் தாளை நீட்டியபடி கேட்டான்: "அங்க இனிமே மழை அதிகமாச்சுன்னா கல்லைச் சுட்டுத்தானே ஆகணும்? விறகுக்கு எங்க சார் போவாங்க?"

நான் விடை சொல்லவில்லை. அடுத்த வகுப்பை அந்தக் கேள்வியில் தொடங்கினோம்.