திடலோரத்திலிருந்து திடலுக்குள்

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மணி அடித்ததும் ஒரு காட்சியைக் காணலாம். வகுப்பு முழுவதும் திடலுக்கு ஓடும். ஒருவன் மட்டும் மரநிழலில் அமர்ந்து, மற்றவர்கள் கழற்றிப் போட்ட சட்டைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல் இருப்பான். காலிலே குறை, அல்லது கண்ணிலே குறை. வெறுப்பினால் யாரும் அவனை ஒதுக்கவில்லை. "பாவம், அடிபட்டுவிடும்" என்ற இரக்கத்தினால்தான் ஒதுக்கினார்கள். அந்த இரக்கம் அவனுக்கு எத்துணைக் கசப்பாக இருந்திருக்கும் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

அவனைத் திடலுக்குள் அழைத்துவர ஒரு வழி உண்டு. ஆட்டத்தின் விதியைச் சற்று மாற்ற வேண்டும். கால்பந்திலே இதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

முதலில் பார்வையற்றோர் ஆட்டம். திடல் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். பக்கத்துக்கு ஐவர். கோல் காப்பவருக்குக் கண் தெரியலாம். ஆனால் அவர் தமக்கென வரைந்த சிறு கட்டத்தை விட்டு வெளியே வரலாகாது. மற்ற நால்வரும் கண்ணைக் கட்டிக்கொண்டே ஆட வேண்டும். பார்வையற்றவருக்குக் கண்கட்டு எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பார்வை இழந்தவர்களிலும் ஒருவருக்கு வெளிச்சம் மட்டும் புலப்படும். இன்னொருவருக்கு அதுவும் இராது. அந்தச் சிறு மிச்சம்கூட ஒருவருக்கு ஆதாயமாகிவிடக் கூடாது என்பதற்காகவே எல்லாருக்கும் ஒரே இருட்டு.

பந்துக்குள்ளே சலசலக்கும் மணிகள் உண்டு. உருளும் பந்தைக் காது தேடிப் பிடிக்கிறது. பந்தை நோக்கிப் பாய்கிறவர் "வோய்" என்று உரக்கக் கூவ வேண்டும். "நான் போகிறேன்" என்று பொருள்படும் ஸ்பானியச் சொல் அது. கூவாமல் பாய்ந்தால் தவறு; இருவர் தலையோடு தலை மோதிக்கொள்ளாதிருக்க இந்த ஏற்பாடு. நீளப் பக்கங்கள் இரண்டிலும் ஏறத்தாழ இடுப்பளவு உயரத்துக்குப் பலகை அடைத்திருப்பார்கள். பந்து வெளியே ஓடிவிடாது. பலகையில் மோதித் திரும்பும் ஓசையே ஆட்டக்காரருக்குத் திசையும் காட்டும். எதிரணியின் கோலுக்குப் பின்னால் ஒரு வழிகாட்டி நின்று குரல் கொடுப்பார். தண்டனை உதையின்போது அவர் இரண்டு கம்பங்களையும் தட்டிக் காட்டுவார். அந்த இரு ஓசைகளுக்கு நடுவே பந்தைச் செலுத்த வேண்டும்.

இந்த ஆட்டத்திலே பார்வையாளருக்கும் ஒரு விதி உண்டு. அது மௌனம். பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை யாரும் குரல் எழுப்பலாகாது. கோல் விழுந்த பின்பு வேண்டிய மட்டும் ஆரவாரிக்கலாம். 2024இல் பாரிஸ் நகரிலே, ஈபில் கோபுரத்தின் அடியில் அமைத்த அரங்கில், மாபெரும் கூட்டம் இவ்வாறு வாய்மூடி அமர்ந்திருந்தது. 2004இல் ஏதென்ஸ் நகரில் இந்த ஆட்டம் பாராலிம்பிக்கில் சேர்ந்தது முதல் தொடர்ந்து ஐந்து முறையும் பிரேசிலே பொற்பதக்கம் பெற்றிருந்தது. பாரிஸிலேதான் அது கைமாறி, அர்ஜென்டினாவை வென்ற பிரான்ஸைச் சேர்ந்தது.

ஒற்றைக் கால் உள்ளோர் ஊன்றுகோல்களுடன் ஆடும் ஆட்டமும் உண்டு. அங்கே கோல் காப்பவருக்கு ஒரு கைதான். ஊன்றுகோலால் வேண்டுமென்றே பந்தைத் தொடலாகாது. மின்விசை நாற்காலியில் அமர்ந்து, அதன் முன்புறக் காப்பினால் பெரிய பந்தைத் தள்ளி ஆடுவது வேறொன்று. இவற்றை விரித்துரைக்க இங்கு இடமில்லை.

மூளைவாதத்தினால் கைகால் இயக்கம் பாதிக்கப்பட்டோர் பக்கத்துக்கு எழுவராக ஆடுவதைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். ஆட்டக்காரர்களைப் பாதிப்பின் அளவுக்கேற்ப மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். பாதிப்பு மிகுந்த வகுப்பினர் ஒருவராவது எப்போதும் திடலில் இருந்தாக வேண்டும். பாதிப்பு மிகக் குறைந்தவர் ஒருவருக்கு மேல் கூடாது. இதன் விளைவைக் கவனியுங்கள். வெற்றி ஒன்றையே நாடும் பயிற்சியாளரும் பாதிப்பு மிகுந்தவரை வெளியே உட்கார்த்தி வைக்க இயலாது. அவரைத் தேடிப் பிடித்துப் பழக்கியே தீர வேண்டும். பிறர் தயவை நாடாமல் விதியே அவருக்கு இடம் கொடுத்துவிட்டது!

இந்த ஆட்டம் 1984 முதல் 2016 வரை பாராலிம்பிக்கில் இருந்தது. பின்னர்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். டோக்கியோவிலும் இல்லை, பாரிஸிலும் இல்லை. பதக்கக் கனவோடு பழகிவந்த இளைஞர்களுக்கு அது பேரிடியாகத்தான் இருந்திருக்கும். இத்தகைய நிலையிலேதான் ஊர்க் கழகங்களின் அருமை விளங்குகிறது. உலகப் பெருவிழா நான்காண்டுக்கு ஒருமுறை வரும். ஊர்க் கழகமோ வாரந்தோறும் கதவைத் திறக்கிறது. இங்கிலாந்திலே இத்தகைய கழகங்கள் பலவற்றில், குறை இன்னதென்று பிரிக்காமல் எல்லாரையும் ஒன்றாக ஆடவிடும் மாலைப் பயிற்சிகளும் நடக்கின்றன.

கழகம் நடத்துவோருக்கு ஒரு சங்கடம் உண்டு. ஒரே ஊரில் ஓர் அணிக்கு வேண்டிய அளவு பார்வையற்ற ஆட்டக்காரர் கிடைப்பது அரிது. இதற்கு ஜப்பானியர் ஒரு வழி கண்டார்கள். அங்கே உள்நாட்டுப் போட்டிகளில் பார்வை உள்ளவரும் கண்ணைக் கட்டிக்கொண்டு அணியில் சேரலாம். முதல் நாள் வரும் அவருடைய நிலையைச் சற்றே கற்பனை செய்து பாருங்கள். கைகளை முன்னே நீட்டித் தடவுகிறார். "வோய்" என்ற குரல் கேட்டதும் அஞ்சி அசையாது நின்றுவிடுகிறார். பந்து அவர் காலடியிலேயே சலசலத்துக் கடந்து போகிறது. அப்போது, பிறவியிலேயே பார்வை இல்லாத தோழர் ஒருவர் ஓசை கேட்டு நேரே அவரிடம் வந்து, தோளைப் பிடித்துத் திருப்பி, "இந்தப் பக்கம் பார்த்து நில்லுங்கள்" என்கிறார்.