ஞாயிறு காலை பத்தரை மணி

போன ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை இரவு, மகனின் ஃபுட்பால் கோச்சிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பத்து வயதுப் பையன்களில் நன்றாக ஆடுபவர்களைத் தனி அணியாகப் பிரிக்கிறோம், அதில் உங்கள் மகனும் இருக்கிறான் என்று. நானும் மனைவியும் சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனோம். இந்த அணிக்கு மேட்ச் எல்லாம் ஞாயிறு காலை பத்தரை மணிக்கு.

எங்கள் தமிழ் ஆராதனையும் ஞாயிறு காலை பத்தரை மணிக்குத்தான்.

எடின்பரோவுக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. கிறிஸ்தவன் என்பதற்காக இங்கே என்னை யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீமோடு பப்புக்குப் போனால் ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக்கொள்வேன். முதல் வாரம் கேட்டார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள். சிலர் இதையெல்லாம் 'பாடு' என்று சபையில் சாட்சி சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். பாடு என்ற சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு இல்லையா? இங்கே இருப்பது பகை அல்ல, அலட்சியம். 2022 சென்சஸில் ஸ்காட்லாந்து மக்களில் 51.1 சதவீதம் பேர் 'மதம் இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள். 2011-ல் அது 36.7 சதவீதமாக இருந்தது. கோச் ஞாயிறு காலையைத் தேர்ந்தெடுத்தது யாரையும் புண்படுத்த அல்ல. அந்த நேரத்தில் யாருக்காவது வேறு வேலை இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

இதே நாட்டில் லூயிஸ் தீவில் ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்கா ஊஞ்சல்களையே பூட்டி வைத்த காலம் உண்டு. அங்குள்ள ஸ்டோர்னோவே துறைமுகத்திலிருந்து ஞாயிறு கப்பல் கிளம்பியதே 2009 ஜூலையில்தான். அதற்கும் எதிர்ப்பு இருந்தது. ஊஞ்சலைப் பூட்டிய காலம் திரும்பி வர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஊருக்கே ஒரு நாள் ஓய்வு என்பது போய், ஓய்வும் அவரவர் சொந்த ஏற்பாடு என்று ஆனபின், அந்த நாளைக் காப்பாற்றுகிற வேலை முழுக்க அந்தந்தக் குடும்பத்தின் தலையில் விழுந்திருக்கிறது.

நான் அதிகம் யோசிக்கவில்லை. 'மன்னிக்கவும், ஞாயிறு காலை நாங்கள் ஆலயத்துக்குப் போகிறவர்கள்' என்று கோச்சுக்கு எழுதிவிட்டேன். 'பிரச்னையே இல்லை, சனிக்கிழமை அணியில் தொடரட்டும்' என்று இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. மகனிடம் மறுநாள்தான் சொன்னேன். அவன் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சாப்பிடக் கூப்பிடப் போனபோது, "அப்பா, நான் ஃபுட்பால் ஆடினா கடவுளுக்குக் கோபமா, உங்களுக்குக் கோபமா?" என்று கேட்டான்.

அதற்குப் பதில் தெரியாததால் எரிக் லிடெலைத் துணைக்கு அழைத்தேன். இந்த ஊரில் அது சுலபம். மார்னிங்சைடு பக்கம், தேவாலயங்கள் எதிரும் புதிருமாக நிற்கும் 'ஹோலி கார்னர்' சந்திப்பில், அவர் பெயரிலேயே ஒரு சமூக மையம் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை மகனை அங்கே கூட்டிப்போய் எதிரே நின்று கதை சொன்னேன். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸ். 100 மீட்டரில் நம்பிக்கை நட்சத்திரம் இந்த எடின்பரோ பல்கலைக்கழக மாணவர். ஆனால் தகுதிச் சுற்று ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. ஓட மாட்டேன் என்றார். ரிலே ஓட்டங்களும் ஞாயிற்றில் வந்ததால் அவற்றையும் விட்டார். 200 மீட்டரில் வெண்கலம் வாங்கினார். பிறகு ஜூலை 11 அன்று, அவருடைய ஓட்டமே இல்லாத 400 மீட்டரில் ஓடி 47.6 விநாடியில் தங்கம்.

1981-ல் வந்த 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தில், கப்பலேறும்போதுதான் ஞாயிறு என்பதே அவருக்குத் தெரிய வருவதாகக் காட்டுவார்கள். உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும். அந்த மாதங்களில் அவர் 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார். எனக்குப் படத்தைவிட இதுதான் பிடிக்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்காராமல், இன்னொன்றுக்குத் தயார் பண்ணியிருக்கிறார் பாருங்கள்.

மகன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். "அவரோட அப்பாவா வேண்டாம்னு சொன்னார்?"

இல்லை. அவருக்கு அப்போது 22 வயது. அவரேதான் முடிவு எடுத்தார்.

"அப்ப அது அவரோட முடிவு" என்றான். பஸ்ஸில் வீடு வரும்வரை வேறு பேச்சில்லை.

ஞாயிறு ராத்திரி பாளையங்கோட்டைக்கு அம்மாவிடம் வழக்கமான போன். அம்மா இருபது வருஷம் ஓய்வுநாள் பள்ளி டீச்சர். எனக்கு ஆதரவாகப் பேசுவாள் என்று நம்பி விஷயத்தைச் சொன்னேன். "ஏல, நீ பிளஸ் டூ படிக்கையில ஒரு வருசம் ஞாயித்துக்கிழம கோயிலுக்கே வரலியே? கணக்கு டியூசனுக்குல்லா போன? நான்தான எழுப்பி விட்டேன். அப்ப எங்க போச்சு ஓய்வுநாள்?"

உண்மைதான். ஞாயிறு காலை ஏழரைக்குக் கணக்கு, பத்து மணிக்கு ஃபிசிக்ஸ். முதல் மணி அடிக்கும் சத்தம் டியூஷன் ரூமுக்குள் கேட்கும். உள்ளே இருந்ததில் பாதிப் பேர் எங்கள் சபைப் பிள்ளைகள். எந்த அப்பா அம்மாவும் அதைப் பாவம் என்று சொல்லவில்லை. சபை ஐயர்கூட, "பரீட்சை முடியட்டும் தம்பி, ஜெபிச்சுக்கிறேன்" என்றார். அந்த மார்க்கில்தான் இன்ஜினியரிங் சீட், அந்த டிகிரியில்தான் இந்த விசா, இந்த வீடு. என் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்து வாங்கிய வாழ்க்கையில் உட்கார்ந்துகொண்டு, மகனுடைய ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி விடமாட்டேன் என்கிறது. உலகத்துக்கு ஒத்த வேஷம் போடாதீர்கள் என்று பிரசங்கம் கேட்கும்போது, 'உலகம்' என்றால் நமக்கு எப்போதுமே வெள்ளைக்காரர் உலகம்தானா? பப், ஹாலோவீன், பிள்ளைகள் பாய்ஃபிரெண்ட் பற்றிப் பேசுவது. இதற்கெல்லாம் எதிர்த்து நிற்க நமக்குப் பெரிய பலம் வேண்டாம், அது முதலிலிருந்தே நம்முடையது இல்லை. நம்முடைய உலகம் மார்க், நகை, வீடு, நாலு பேர் என்ன சொல்வார்கள். கிறிஸ்தவ வரன் தேடும் வாட்ஸ்அப் குழுக்களில் சபையின் பெயருக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் போடுகிறோம். லண்டனில் பிறந்த பெண்ணுக்கும் போடுகிறோம். ஞாயிறு மேட்ச் பற்றிக் கொதிக்கிற எவரும் அந்தக் குழுவிலிருந்து வெளியேறியதை நான் பார்க்கவில்லை. நானும் வெளியேறவில்லை, தங்கைக்கு அதில்தான் மாப்பிள்ளை பார்த்தோம்.

பிறகு லிடெலின் மீதிக் கதையையும் தேடிப் படித்தேன். மகனிடம் தங்கப் பதக்கத்தோடு நிறுத்தியிருந்தேன். அவர் 1925-ல் மிஷனரியாகச் சீனாவுக்குப் போனார். அவர் பிறந்த மண்ணும் அதுதான். போரின்போது ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். கர்ப்பமாக இருந்த மனைவியையும் இரண்டு மகள்களையும் 1941-லேயே கனடாவுக்கு அனுப்பிவிட்டிருந்தார். முகாமில் பெற்றோரைப் பிரிந்த பள்ளிப் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்குப் பாடம் எடுத்தார், விளையாட்டு நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விளையாட்டு கிடையாது. ஒரு ஞாயிறு பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடப்போய், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அடிதடியில் முடிந்தது. அதற்கடுத்த ஞாயிறு லிடெல் தானே போய் நடுவராக நின்றார். ஒலிம்பிக்ஸுக்காக ஞாயிற்றில் ஓடாத அதே மனுஷன். 1945 பிப்ரவரி 21 அன்று, மூளையில் கட்டி வந்து, முகாம் விடுதலையாவதற்குச் சில மாதங்கள் முன்பு இறந்தார். வயது 43. கடைசி மகளை அவர் பார்த்ததே இல்லை.

இதைப் படித்ததும் எனக்கு ஞானோதயம் வந்து கோச்சுக்கு போன் போட்டேன் என்று எழுதினால் பொய். மனைவிக்கும் எனக்கும் இரண்டு மாதம் பேச்சுவார்த்தை நடந்தது. "இன்னைக்கு ஃபுட்பால், நாளைக்கு பதினஞ்சு வயசுல அவனே வரமாட்டேன்னு சொல்லுவான்" என்பது அவள் பயம். இங்கே சபையில் பல வீடுகளில் அது நடந்திருக்கிறது, பயம் நியாயமானது. ஆனால் வருவதற்கு அவனுக்கென்று ஒரு காரணம் இல்லாமல் போனால் பதினைந்தில் எப்படியும் வரமாட்டான் என்பது என் கட்சி. கடைசியில் ஜனவரி முதல் மாதம் இரண்டு ஞாயிறு மேட்ச், மற்ற ஞாயிறு ஆராதனை என்று அவனே கேட்டான். மேட்ச் இருக்கும் நாட்களில் சனி இரவு மூவரும் உட்கார்ந்து அந்த வார வேதபாடத்தை வாசிப்பது என்பதும் ஒப்பந்தத்தில் உண்டு. கோச்சும் சம்மதித்தார். இது சரியா என்று இன்னும் எனக்கு நிச்சயமில்லை.

முதல் மேட்ச் அன்று நான் மைதானத்தில் மழையில் நின்றேன். மனைவி தனியாக ஆராதனைக்குப் போனாள். எங்கே தம்பி, எங்கே அவர் என்று கேட்டவர்களிடம், பையனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து அவளே வருத்தப்பட்டாள். ஞாயிற்றின் பரிசுத்தத்தைக் காப்பாற்றக் கோயில் வாசலிலேயே பொய்.

அடுத்த வாரம் ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது, சபையில் மூத்தவர், நாகர்கோவில்காரர், "மோனுக்குக் காய்ச்சல் விட்டதா?" என்று விசாரித்தார். ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டு, "காய்ச்சல் இல்ல அண்ணாச்சி. மேட்சுக்குக் கூட்டிட்டுப் போனேன்" என்றேன்.

அவர் டீயை உறிஞ்சினார். கிளாஸைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"ஜெயிச்சாங்களா?"

"இல்ல அண்ணாச்சி. மூணுக்கு ஒண்ணுல தோத்துட்டாங்க."