அகுமாவுக்குத் தடை ஏன்?

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்க மண்டபத்தில் நடைபெற்ற சிறுவர் ஆட்டப் போட்டியையும், அதன் முடிவில் எழுந்த பூசலையும் அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோலப் போட்டியிலும் பட்டிமன்றத்திலும் எழாத கூச்சல், திரையில் இரண்டு சித்திர வீரர்கள் மோதிக்கொண்டதன் பொருட்டு எழுந்தது. பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன், ஆட்டத்தில் மறைந்து கிடக்கும் அகுமா என்னும் வீரனை வரவழைத்து, எதிர்த்த நால்வரையும் வரிசையாக வீழ்த்திக் கோப்பையைக் கொண்டுபோனான். இறுதியாட்டத்தில் தோற்ற பையன் அழுதுகொண்டே வெளியேறினான். அவனுடைய தந்தையார் அன்றுமுதல் என்னோடு பேசுவதில்லை. ஏனெனில், நடுவர் நாற்காலியில் அமர்ந்திருந்தவன் நான். நாங்கள் இருவரும் ஒரே அலுவலகத்தில், இரண்டு மேசை இடைவெளியில் வேலை பார்ப்பவர்கள்.

செயற்குழுவில் இருமுறை பேசியும் மனத்தாங்கல் தீரவில்லை. "நடந்ததையும் உம் தீர்ப்பையும் பத்திரிகையிலேயே எழுதிவிடும், எல்லா வீட்டாரும் படிக்கட்டும்" என்று செயலாளர் ஐயா பணித்தார். அதன்படி எழுதுகிறேன். சிறு வயதில் இவ்வாட்டத்தில் நான் இழந்த காசுகளுக்கு இதுவே முதற்பயன் போலும்.

பெரியவர்களுக்காகச் சில சொற்கள். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்பது ஜப்பான் நாட்டின் கேப்காம் நிறுவனம் 1991 இல் வெளியிட்ட ஆட்டம். நிலைப்பெட்டி போன்ற பொறியில் காசைப் போட்டு, இருவர் அருகருகே நின்று, ஆளுக்கொரு கைப்பிடியும் ஆறு பொத்தான்களும் கொண்டு ஆடுவது. வீரர் எண்மர். அவர்களுள் தால்சிம் என்பவர் நம் நாட்டு யோகியாம். கழுத்தில் மண்டையோட்டு மாலை; கையும் காலும் ரப்பர் போல் நீளும்; வாயிலிருந்து தீ புறப்படும். அவர் நிற்கும் களத்தின் பின்னே யானைகள் வரிசையாக நின்று பிளிறும். இப்படி ஒரு யோகியை நம்மில் யாரும் கண்டதில்லை. எனினும் கரக்பூர் ரயில்வே குடியிருப்பின் சிறுவர்களாகிய நாங்கள், 'நம்மவர்' என்று அவரைக் கொண்டாடினோம்.

சதுரங்கத்தில் இரு தரப்பாருக்கும் ஒரே வகைக் காய்கள். கேரம் பலகையிலும் அவ்வாறே. இவ்வாட்டத்திலோ காய்களே வேறு வேறு. ஒருவர் யானைப்படையோடும் மற்றொருவர் குதிரைப்படையோடும் வந்து மோதுவது போன்றது. எட்டு வேறுபட்ட வீரர்களை ஒருவருக்கொருவர் ஈடாக நிறுத்துவது எவ்வளவு அரிய வேலை என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு வீரனின் குத்து இமைப்பொழுது விரைந்து முடிந்தாலும், ஒரு தாவல் விரற்கடை நீண்டாலும் தராசு சாய்ந்துவிடும்.

முதற்பதிப்பில் அது சாய்ந்தே இருந்தது. அமெரிக்கப் படைவீரனாகிய கைல் என்பவன் பின்வாங்கிப் பதுங்கியபடியே காற்றலை ஒன்றை எறிவான். எறிந்த கை மிக விரைவில் தயார் நிலைக்கு மீளும்; ஆகையால் அலையின் பின்னாலேயே அவனும் நடந்து வருவான். அலையைத் தாண்டிக் குதித்தால் தலைகீழாகச் சுழன்று உதைப்பான்; குதிக்காமல் நின்றால் அடுத்த அலை வரும். போதாக்குறைக்கு, எதிரியைத் தன் உடலோடு ஒட்டவைத்துவிடும் பிழையொன்றும் அவனிடம் இருந்தது. ஸாங்கீப் என்னும் ருசிய மல்லனோ, நெருங்கினால்தான் எதிரியைத் தூக்கி எறிய முடியும். கைலை அவன் நெருங்குவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

இதனினும் கொடியது அப்பதிப்பின் மற்றொரு விதி. ஒரே வீரனை இருவரும் தேர்ந்தெடுக்க இயலாது. கோல் பஜாரில் நாங்கள் ஆடிய கடையில் இருந்தது இந்தப் பழைய பதிப்புத்தான். பள்ளி மணி அடித்ததும் யார் முதலில் ஓடிப்போய்க் கைலைப் பிடிக்கிறார்களோ, அவர்களுக்கே அன்றைய மாலை. என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன் ஒருவருக்குக் கால்கள் நீளம். ஓராண்டுக் காலம் நான் பயின்றதெல்லாம் ஓட்டமே அன்றி ஆட்டமன்று.

1992 இல் வந்த 'சாம்பியன் எடிஷன்' பதிப்பில் அவ்விதி நீங்கியது. ஒரே வீரனை இருவரும் கொள்ளலாம் என்றாயிற்று. அதுவரை பொறியே ஆட்டிவைத்த நான்கு தலைவர்களையும் ஆடுவோர் கையில் கொடுத்தார்கள். (குத்துச்சண்டை வீரர் மைக் டைசனை ஒத்த தலைவனுக்கு ஜப்பானில் எம்.பைசன் என்று பெயர். வழக்கு வருமென அஞ்சி, வெளிநாடுகளுக்கு அனுப்பும்போது மூவர் பெயர்களையும் மாற்றி மாற்றிச் சூட்டினர். சாதகத்தில் பெயர் மாறிய பிள்ளைகள் போல அவர்கள் இன்றும் இரு பெயர்களோடு உலவுகின்றனர்.) ஒரு குறையைத் தீர்த்ததும் மறு குறை தலைதூக்கிற்று, சிவப்புச் சீருடை அணிந்த சர்வாதிகாரியின் உதைகள் தடுத்தவனையும் மூச்சுவிட விடவில்லை. அவ்வாண்டின் இறுதியிலேயே வேறொரு பதிப்பு, அடுத்த ஆண்டில் மற்றொன்று என்று திருத்தங்கள் தொடர்ந்தன. கடைக்காரர்கள் ஒவ்வொரு முறையும் புதுப் பலகை வாங்க வேண்டியிருந்தது. வாங்க இயலாதவர் கடையில் பழைய அநீதியே நீடித்தது.

1994 இல் வந்த பதிப்பில்தான் நம் பூசலுக்குக் காரணமானவன் நுழைந்தான். ஜப்பானியர் அவனைக் கோக்கி என்பர். பிறர் அகுமா என்பர். தேர்வுப் பலகையில் அவன் படம் இராது. குறிப்பிட்ட வீரர்கள் மீது குறிப்பிட்ட வரிசையில் சற்றுச் சற்று நின்று, இறுதியில் சில பொத்தான்களை ஒருங்கே அழுத்தினால் வருவான். ஏனைய வீரர்கள் தரையில் நின்றே தீயுருண்டை எறிவார்கள். இவன் வானில் எழும்பி, கீழ்நோக்கிச் சரிவாக எறிவான். அதைத் தடுத்தவன் தடுத்த நிலையிலிருந்து விடுபடுவதற்குள் இவன் தரையிறங்கி அடுத்ததைத் தொடங்கிவிடுவான். தொடர்ந்து அடிபட்டால் மற்றவர்க்குத் தலைசுற்றும். இவனுக்கு அதுவும் இல்லை. சமநிலையை எண்ணி அமைத்த வீரனல்லன் இவன்; கண்டறிந்தோர் வியக்கவென்று ஒளித்துவைத்த அற்புதம். ஆகவேதான் அப்பதிப்பின் போட்டிகளில் இவனை விலக்கி வைக்கும் வழக்கம் ஏற்பட்டது.

"வலியவனையெல்லாம் விலக்கினால் எஞ்சுபவர் யார்?" என்று நம் உறுப்பினர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. வலிமை வேறு, விடையின்மை வேறு. 2004 இல் அமெரிக்காவில் நடந்த ஈவோ போட்டியில், இவ்வாட்டத்தின் மூன்றாம் வரிசையில், ஜஸ்டின் வாங் என்பவர் சுன்-லீ என்னும் மங்கையை ஆட்டினார். அவள் அவ்வரிசையின் மிக வலியவர்களுள் ஒருத்தி. எதிரே ஜப்பானியரான டைகோ உமெஹாராவின் கென், உயிர் ஒரு நூலிழை அளவே எஞ்சி நின்றான். சாதாரணமாகத் தடுத்தாலும் அந்த நூலிழை அறுந்துபோகும். சுன்-லீ பதினைந்து உதைகளை ஒரே மூச்சில் பொழிந்தாள். டைகோ ஒவ்வோர் உதைக்கும் சரியான கணத்தில் கைப்பிடியை முன்தள்ளி, அத்தனையையும் சேதமின்றித் தட்டிவிட்டு, திருப்பியடித்து வென்றார். சுன்-லீயை எவரும் விலக்கவில்லை. விலக்கியிருந்தால் இக்காட்சி ஏது? கைலும் அத்தகையவனே. அவனுக்கு விடை உண்டு, கடினமான விடை. அகுமாவின் வான்தீக்குப் பெரும்பாலான வீரர்களிடம் விடையே இல்லை.

அமைப்போர் எண்ணாமல் விளைந்ததெல்லாம் குற்றமென்றும் நான் சொல்லவில்லை. அடிமேல் அடியாக இடைவெளியின்றித் தொடுக்கும் தொடரடி, இவ்வாட்டத்தில் தற்செயலாக நுழைந்ததே. அமைத்தவர்கள் அதைக் கண்டும் விட்டுவைத்தார்கள். இன்று தொடரடி இல்லாத சண்டையாட்டத்தைக் காண்பது அரிது. அது இரு தரப்பாருக்கும் எட்டியதால் வளம் சேர்த்தது. ஜப்பானில் மற்றொரு வழக்கமும் உண்டு. 1994 பதிப்பில் சாகத் என்பவனின் பழைய வடிவம் மிகு வலிமை உடையது. அதை விலக்கும் எழுத்து விதி இல்லாதபோதும், ஆடுவோர் பலர் தாமாகவே அவனைத் தொடுவதில்லை. நாணயம் ஊறிய கூட்டத்தில் அது நடக்கும். பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் அதை எதிர்பார்ப்பது சரியன்று.

இனி என் குற்றம். 2018 இல் வெளிவந்த தொகுப்பிலிருந்து இந்த 1994 பதிப்பைத் தேர்ந்தெடுத்தவன் நான். அகுமா அதில் ஒளிந்திருப்பதை அறிந்தவனும் நான். தாங்கள் பிறப்பதற்கு முந்தைய இரகசியத்தை இக்காலப் பிள்ளைகள் எங்கே அறியப்போகிறார்கள் என்று அலட்சியமாக இருந்து, விதித்தாளில் ஒரு வரி சேர்க்காமல் விட்டேன். வென்ற சிறுவன் எந்த விதியையும் மீறவில்லை. ஆகையால் கோப்பை அவனுடையதே. தோற்ற பையனுக்கு நேர்ந்த அநியாயமும் உண்மையே. அதைச் செய்தவன் எதிரே ஆடியவன் அல்லன், நாற்காலியில் இருந்தவன். இதை அவன் தந்தையாரிடம் நேரில் சொல்லச் சென்றேன். கோப்புகளிலிருந்து அவர் தலை நிமிரவில்லை. இவ்விதழ் அவர் வீட்டுக்கும் செல்லும்.

சிறு பெருந்தன்மை ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். வென்ற சிறுவன் மறுவாரம் தன் தாயாருடன் என் வீட்டிற்கு வந்தான். கோப்பையைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். "வேண்டாம் மாமா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றான். நான் வாங்கவில்லை. "அகுமா இல்லாமல் ஆடியிருந்தால் தோற்றிருப்பேனா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

2024 இல் ஆறாம் வரிசை ஆட்டத்தில் அகுமா மீண்டும் வந்திருக்கிறான். மற்றவர் பெரும்பாலோர்க்கு உயிர் 10000 புள்ளி என்றால் அவனுக்கு 9000. அடி பலமாக விழும். வாங்கினால் விரைவில் சாய்வான். வலிமைக்கு விலை வைத்துவிட்டார்கள். சாயும் தராசை இப்போது இணைய வழியாகவே திருத்துகிறார்கள். புதுப் பலகை வாங்க வேண்டியதில்லை.

நம் சங்கத்தில் பழைய பதிப்பே தொடரும். அடுத்த பொங்கலுக்கான விதித்தாளைச் செயற்குழு ஒப்புக்கொண்டது. அகுமாவும் பழைய வடிவச் சாகத்தும் விலக்கு; மற்ற அனைவரும் உண்டு. ஒரே வீரனை இருவரும் கொள்ளலாம். ஞாயிறுதோறும் மாலை 4 மணிக்கு மண்டபத்தில் பயிற்சி உண்டு. பெண் குழந்தைகளையும் அனுப்புங்கள். கைலை விலக்குமாறு இதுவரை மூன்று விண்ணப்பங்கள் வந்துள்ளன. மூன்றையும் தள்ளியிருக்கிறேன்.