கோழியும் உப்பிட்ட பன்றி இறைச்சியும்: நிகர எடை எவ்வளவு?

சென்ற கிறிஸ்துமஸ் நாட்களில் எம் இல்லத்தில் எழுந்த ஒரு சிறு பூசலே இக்கட்டுரைக்கு வித்து. எம் இளவல் சரக்குக் கப்பலொன்றின் சமையற்கூடத்தில் பணி புரிபவர். ஒன்பது மாதங்களைக் கடலில் கழித்துவிட்டு விடுமுறையில் கோட்டுகாலுக்கு வந்தபோது, தகர டப்பிகளில் அடைத்த பன்றித்தொடை இறைச்சியை அன்போடு கொண்டுவந்தார்; மொத்தம் ஆறு டப்பிகள். ‘ஹாம்’ என்று மேல்நாட்டார் வழங்கும் பொருள் அது. அன்னையாருக்கு வயது 68. கஞ்சிக்குக் கருவாடு தொட்டுக்கொண்டு பழகிய நாவுக்கு அந்த உப்புச் சுவை மிகவும் இசைந்துவிட்டது. காலையில் இரண்டு துண்டு, இரவில் இரண்டு துண்டு என்று பத்து நாட்களுக்குள் ஏறக்குறைய இரண்டு டப்பிகளை அவர் ஒருவரே தீர்த்துவிட்டார். பதினோராம் நாள் கணுக்கால்கள் வீங்கின. தலை சுற்றுகிறது என்று திண்ணையில் சாய்ந்துவிட்டார்.

மருத்துவர் இரத்த அழுத்தத்தை இருமுறை அளந்தார். மேல் எண் 180. அவர் மாத்திரையைப் பற்றி முதலில் கேட்கவில்லை, “புதிதாக என்ன உண்டீர்கள்?” என்றுதான் கேட்டார். விவரம் அறிந்ததும், அந்த டப்பிகளை அம்மையாரின் கண்ணில் படாமல் வைக்கும்படி நம்மிடம் கூறினார். சொல்வது எளிது. “பிள்ள கடல் கடந்து கொண்டாந்தத வேண்டாமுன்னு எப்படிச் சொல்லட்டும் மக்கா?” என்று அன்னையார் கேட்ட கேள்விக்கு நம்மிடம் விடையில்லை.

இல்லாள், “மாமிக்குக் கோழி ரசம் வைத்துக் கொடுத்தால் போதும்” என்றாள். இளவல் விடவில்லை. “ஊசி போட்டு வளர்த்த கோழியைத் தின்பதைக் காட்டிலும் இது ஆயிரம் மடங்கு மேல், அண்ணே. வெள்ளைக்காரன் காலம் காலமாகத் தின்று கெட்டா போனான்?” என்றார். இதே வினா நம் சங்கத்து மாதர் கூட்டத்திலும் ஒருமுறை எழுந்ததுண்டு. மெட்ரிகுலேஷன் மட்டும் தேறிய ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் வைத்தியரல்லோம். ஆயினும் சரக்குகளை நிறுத்துக் கணக்கெழுதுவது நம் தொழில். அந்த முறையிலேயே இரண்டையும் நிறுத்துப் பார்ப்போம் என்று துணிந்தோம்.

சரக்கு வண்டிகளின் பக்கவாட்டில் வண்டியின் வெற்று எடையை எழுதியிருப்பதை அன்பர்கள் கண்டிருக்கலாம். மொத்த எடையில் அதனைக் கழித்தால்தான் உள்ளே இருக்கும் சரக்கின் நிகர எடை புலப்படும். ஆகாரத்திலும் இவ்வாறே நீரையும் கொழுப்பையும் எலும்பையும் கழித்துவிட்டே சத்தைக் கணக்கிட வேண்டும்.

தோல் நீக்கிய கோழி நெஞ்சிறைச்சி 100 கிராமில் ஏறத்தாழ 22 கிராம் புரதச்சத்து உண்டு. கொழுப்பு 3 கிராமைத் தாண்டுவதில்லை. கிடைக்கும் ஆற்றல் 120 கலோரி அளவில் நிற்கும். முழுக் கோழியைத் தோலோடு சேர்த்து எடுத்தால் கதை மாறுகிறது: கொழுப்பு 15 கிராமுக்கு உயர்கிறது, கலோரி 200-ஐத் தாண்டுகிறது. தோலுரித்த கோழியையே வாங்குவது நம் பக்கத்து வழக்கம் என்பது நன்மையே. இனி, பன்றியின் வயிற்றுப் பகுதியை உப்பிட்டுப் புகையூட்டிய ‘பேக்கன்’ என்பதைக் காண்போம். சமைக்காத 100 கிராமில் புரதம் 12 அல்லது 13 கிராமே, கொழுப்போ 40 கிராமை எட்டும், கலோரி 400. அதாவது, 12 கிராம் புரதத்தைப் பெறுவதற்குக் கோழியில் 65 கலோரியும், பேக்கனில் 400 கலோரியும் ஏற்க வேண்டியிருக்கிறது. வாணலியில் இட்டால் பேக்கன் உருகி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கிரயத்தையும் பார்த்தால் கிலோவுக்குக் கோழியைப் போல் பல மடங்கு. ஹாம் இவ்வளவு மோசமில்லை, அது தொடைச்சதை, 100 கிராமில் 20 கிராம் வரை புரதம் இருக்கும், கொழுப்பும் குறைவு. இளவல் இதைக் கேட்டு முகம் மலர்ந்தார். ஆனால் உப்புக் கணக்கு இன்னும் எஞ்சியிருந்தது.

உப்பிடுதல் இழிவான வழக்கமன்று. பனிக்கட்டியும் குளிர்ப்பெட்டியும் இல்லாத காலத்தில் இறைச்சியை மாதக்கணக்கில் காக்க மனிதன் கண்ட உபாயம் அது. உப்பு, சதையிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. நீர் குன்றினால் கிருமி பெருக வழியில்லை. விழிஞ்ஞத்திலும் பூவாற்றிலும் மணலில் காயும் கருவாட்டுக்கும், நம் பாட்டிமார் வெயிலில் கோத்துத் தொங்கவிட்ட உப்புக்கண்டத்துக்கும் அடிப்படை அதுவே. மேல்நாட்டார் உப்போடு வெடியுப்பையும் சேர்த்தனர். ஒரு காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் துப்பாக்கி மருந்துக்கென்று பீகாரிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்ற அதே வெடியுப்புத்தான்! இப்பொழுது பெரும்பாலும் சோடியம் நைட்ரைட் என்னும் உப்பைச் சேர்க்கின்றனர். அது இறைச்சிக்கு இளஞ்சிவப்பு நிறம் தருகிறது. காற்றுப் புகாத டப்பிக்குள் வளரக்கூடிய கொடிய நச்சுக்கிருமியையும் தடுக்கிறது. ஆகவே அதை வீண் கலப்படம் என்று ஏசுவதும் நியாயமன்று.

நாம் டப்பியின் பக்கத்தில் அச்சிட்டிருந்த கணக்கைப் படித்தோம். 100 கிராமில் சோடியம் 1,100 மில்லிகிராம். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் எடை வரும். அப்படியானால் மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒருவர் ஒரு நாளில் கொள்ளும் உப்பு மொத்தமே 5 கிராமுக்குள் நிற்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. கஞ்சியில் இட்ட உப்பு, ஊறுகாய், அப்பளம், குழம்பு இவை எல்லாவற்றுக்கும் முன்பே அன்னையார் பாதிக்கு மேற்பட்ட உப்பை அந்தத் துண்டுகளிலேயே உண்டுவிட்டார். உப்பிடாத கோழியில் இயற்கையாக அமைந்த சோடியமோ 100 கிராமுக்கு 50 மில்லிகிராம் அளவே. வேண்டிய உப்பை வேண்டிய அளவில் நாமே இடலாம். ஏற்கெனவே ஏறிய உப்பை இறக்குவதுதான் அரிது.

மற்றொரு செய்தியும் உண்டு. 2015 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம், உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் வைத்தது. புகையிலையும் அதே வரிசையில் இருப்பதால், இரண்டும் சமமான தீங்கு என்று பலர் அஞ்சினர். அது தவறு. சான்று எவ்வளவு உறுதியானது என்பதையே வரிசை காட்டும். தீங்கின் அளவை அன்று. நாள்தோறும் 50 கிராம் வீதம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பது அக்கழகம் கூறிய கணக்கு. நூற்றில் பதினெண்மருக்கு நோய் வரும் என்பது இதன் பொருளன்று. 50 பேருக்கு வரக்கூடிய இடத்தில் 59 பேருக்கு வரும் என்பதாம். ஆண்டுக்கொரு முறை பண்டிகையன்று உண்பவருக்கும், நாள்தோறும் காலையில் உண்பவருக்கும் இது ஒன்றாகாது.

இவ்வாறு எழுதிக்கொண்டு போனால் பன்றிக்கு எதிராக வழக்காடுவதாகத் தோன்றும். ஒரு சத்தில் அது கோழியை வெகு தூரம் முந்துகிறது. தயமின் எனப்படும் பி-1 உயிர்ச்சத்து, கொழுப்பு நீக்கிய புதிய பன்றி இறைச்சி 100 கிராமில் ஒரு மில்லிகிராமை நெருங்கும்; வளர்ந்த ஒருவரின் ஒரு நாளைத் தேவையில் அது பெரும்பகுதி. கோழியிலோ அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். வேடிக்கை என்னவெனில், இந்தச் சத்தை உலகுக்கு அடையாளம் காட்டியது கோழியே. ஜாவாத் தீவில் ஐக்மன் என்ற டச்சு வைத்தியர் தீட்டிய அரிசி மட்டும் உண்ட கோழிகள் கால் துவண்டு விழுவதையும், தவிடு கலந்து கொடுத்தால் எழுந்து நடப்பதையும் கண்டார். அதன் வழியாகவே பெரிபெரி நோயின் காரணம் துலங்கியது. 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டிலும் 1918-இல் குன்னூரில் மக்காரிசன் என்ற அறிஞர் பெரிபெரியை ஆராயத் தொடங்கிய சிறு கூடமே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

அப்படியானால் சோறும் மரச்சீனிக் கிழங்கும் உண்ணும் நமக்குப் பன்றி இறைச்சி இன்றியமையாததா? அன்று. நெல்லை அவித்துக் குத்திய புழுங்கலரிசியில், பச்சரிசியைக் காட்டிலும் இரண்டு மூன்று மடங்கு தயமின் தங்கிவிடுகிறது. அவிக்கும்போது தவிட்டின் சத்து மணியின் உள்ளே இறங்குவதே காரணம். பயறும் கடலையும் மிச்சத்தைத் தரும். மார்க்கத்தின் பொருட்டுப் பன்றியை விலக்கிய அன்பர்களும், புலாலையே விலக்கியவர்களும் இதனால் எவ்வகையிலும் குறைந்துபோவதில்லை.

இனி, இளவல் கோழியின்மேல் சுமத்திய குற்றம். நம் ஊரில் விற்கும் கறிக்கோழியில் பெரும்பகுதி பல்லடம், நாமக்கல் பக்கங்களிலிருந்தே வருகிறது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை இராஜ்யத்துடன் சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே கோடு விழுந்தது முதல், மனிதரைப் போலவே கோழியும் எல்லை கடக்க வேண்டியதாயிற்று. 2017 ஜூன் வரை கேரளத்தில் கோழிக்கு நூற்றுக்கு 14.5 வீதம் வரி இருந்தது. அமரவிளைச் சாவடியைத் தவிர்த்து இடைவழிகளில் இரவோடிரவாகக் கோழி கடத்திய கதைகளைப் பாறசாலையில் கேட்காதவர் இல்லை. அவ்வாண்டு ஜூலை முதல் நாளில் ஜி.எஸ்.டி. வந்து அவ்வரி ஒழிந்தது. கிலோ 87 ரூபாய்க்கே விற்க வேண்டும் என்று நிதியமைச்சர் தாமஸ் ஐசக் சொன்னதும், வியாபாரிகள் எதிர்த்ததும் அன்பர்கள் நினைவில் இருக்கும்.

அந்தக் கோழி நாற்பது நாட்களில் இரண்டு கிலோ எடையை எட்டுவதைக் கண்டே ‘ஊசி’ என்ற வதந்தி பிறந்தது. வளர்ச்சிக்கு ஊசி போடுவதில்லை. லட்சக்கணக்கான குஞ்சுகளுக்கு ஒவ்வொன்றாக ஊசி போட்டால் பண்ணைக்காரருக்குக் கட்டுபடியாகுமா? தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்த இனமும், சோளமும் சோயாவும் கலந்த தீவனமுமே காரணம். ஆனால் இளவலின் ஐயம் முற்றிலும் வீண் அன்று. நோய் வராதிருக்க நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தீவனத்தில் கலக்கும் வழக்கம் உண்டு. அதனால் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகும் என்று அஞ்சியே, கோலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுப்பதை 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்தது. கோழியை நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும். பச்சைக் கறியை வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காயை அரியாதிருப்பதும் முக்கியம்.

பன்றிக்கும் இதே எச்சரிக்கை, இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். அரைவேக்காட்டுப் பன்றி இறைச்சியால் நாடாப்புழு வயிற்றில் குடியேறும். அப்புழுவின் முட்டைகள் உணவிலோ கையிலோ பட்டு உட்சென்றால் மூளைவரை போய் வலிப்பு நோய் உண்டாக்கும். ஆகவே தெருவில் திரிந்த பன்றி வேண்டா; பண்ணையில் தீவனமிட்டு வளர்த்ததையே தேட வேண்டும். கூத்தாட்டுக்குளத்தில் கேரள அரசின் இறைச்சி நிறுவனம் ஒன்று உள்ளது. தக்க பரிசோதனையோடு பன்றி இறைச்சியும் அங்குப் பக்குவமாகிறது. 2022 ஜூலையில் வயநாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் தோன்றியபோது பலர் பயந்து பன்றியை விட்டனர். அக்காய்ச்சல் பன்றியைக் கொல்லுமே தவிர மனிதரைத் தொற்றுவதில்லை.

இவ்வளவையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி இளவலிடம் கொடுத்தோம். அவர் நெடுநேரம் படித்தார். “கப்பலில் ஆறு மாதம் இதைத்தான் அண்ணே தின்கிறோம்” என்று மட்டும் சொன்னார். அவருக்கும் அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும் என்பது அப்பொழுதுதான் நமக்கு உறைத்தது. மறுநாள் இருவருமாகச் சென்று பார்த்தோம். வயது 31, மேல் எண் 148.

அன்னையாருக்கு இப்பொழுது வாரம் இருமுறை தோலுரித்த கோழி, குறைந்த உப்பில், மிளகு மிகுதியாக இட்டு. எஞ்சிய டப்பிகள் மூன்று. அவற்றை எறிய அவர் சம்மதிக்கவில்லை. ஈஸ்டரன்று ஒன்றைத் திறந்து, துண்டுகளை நீரில் கொதிக்கவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, மரச்சீனிக் கிழங்கோடு உப்பே இடாமல் கிளறி, ஒன்பது பேருக்குப் பங்கிட்டார். கொதிநீரோடு பி-1 சத்திலும் பாதி போயிருக்கும் என்பதை நாம் அவரிடம் சொல்லவில்லை. தமக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, “பிள்ள கொண்டாந்தது” என்றார்.